முறிந்த இளமை நட்பும் மலையகப் புனைகதையும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நட்பினைப் போற்றாத தமிழிலக்கியம் இல்லை எனலாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை அவனை நேரிற் கண்டறியாத பிசிராந்தையார் தேடிவந்து உடனுயிர் துறந்த செய்தியைப் புறநானூறு பேணி வைத்துள்ளது. வள்ளுவர் பொருட்பாலில் நட்பு தொடக்கம் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கென ஒதுக்கினார். எனினும் இவ்விலக்கியங்கள் பேசுவது முதிர்ந்தோர் நட்பினையே. வேந்தனுக்கும் புலவனுக்கும், ஆள்வோனுக்கும் அவனைச் சூழ்ந்தோருக்கும் இடைப்பட்ட உறவே அங்கு நட்பெனப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டோர் ஒருவரோடொருவர் கொள்ளும் நட்பும், அது முறியும்போது அவர்கள் அடையும் தனிமையும் நவீன காலப் புனைகதை கண்டெடுத்த பொருள்களாகும். மேலைநாடுகளில் இளையோர் புனைகதை என்ற தனித்துறை தோன்றி வளர்ந்துள்ள இன்று, அத்துறையின் நடுப்பொருளாகவே முறிந்த நட்பு விளங்குகின்றது. பதுளை மாவட்டத்தையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் களமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதையில் இதே பொருளைத் தேடிச் செல்பவர் ஒரு வெறுமையையே எதிர்கொள்வர். நட்புகள் முறியாத இடமாதலால் எழுந்த வெறுமையன்று அது. இலங்கையில் வேறெங்கும் இவ்வளவு இளமை நட்புகள் இவ்வளவு குறுகிய காலத்தில் முறிக்கப்பட்டதில்லை என்றே கூறத் தோன்றுகின்றது. முறிவு இத்துணை மலிந்திருந்தும் அது கதையாகாமற் போனது ஏன் என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

முதலில், இத்தகைய கதைகள் பிற இடங்களில் எச்சூழலில் எழுந்தன என்பதை நோக்குதல் பொருத்தமாகும். அமெரிக்கரான ஜோன் நோல்ஸ் 1959இல் வெளியிட்ட நாவலொன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விடுதிப் பாடசாலையொன்றில் வாழ்ந்த இரு மாணவரின் நட்பு பொறாமையாற் சிதைவதைச் சித்திரிக்கின்றது. பிரெட் உல்மன் 1971இல் வெளியிட்ட குறுநாவல் 1932ஆம் ஆண்டின் ஸ்ருட்கார்ட் நகரிலே தொடங்குகின்றது. யூத மருத்துவர் ஒருவரின் மகனும் ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்துப் பையனும் ஒரே வகுப்பிற் பயின்று நெருங்குகின்றனர். நாசிகளின் எழுச்சி அவர்களைப் பிரிக்கின்றது. தமிழில் அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977இல் வெளிவந்தது. ஐதராபாத் சமஸ்தானம் கொந்தளித்த 1947-48 காலப்பகுதியில், சிக்கந்தராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்ற மாணவன் தன்னோடு கிரிக்கெட் ஆடியோரையும் அயலவரையும் சமயத்தின் பேரால் இழந்துகொண்டிருப்பதை அந்நாவல் காட்டுகின்றது. சிங்களத்தில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ 1947இலேயே வெளிவந்துவிட்டது. உபாலியும், அவன் வீட்டில் வேலை செய்த ஜின்னாவும் வகுப்பு வேறுபாட்டினைக் கடந்து கொண்ட நட்பு சிங்கள வாசகர் பல தலைமுறையினரின் உடைமையாயிற்று. கருணாசேன ஜயலத்தின் ‘கொளு ஹதவத்த’ 1962இல் பாடசாலை மாணவரின் சொல்லப்படாத காதலைப் பொருளாக்கியது.

இந்நூல்கள் தம்முள் பெரிதும் வேறுபட்டவை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தளம் உண்டு. இளையோர் பாடசாலையில் இருக்கின்றனர். ஓய்வுநேரம் அவர்களுக்கு இருக்கின்றது. விளையாட இடமும், பெற்றோர் காதில் விழாது பேச ஒரு மூலையும் இருக்கின்றன. பிள்ளையும் அல்லாத, வளர்ந்தவரும் அல்லாத ஓர் இடைப்பருவத்தை அச்சமூகங்கள் அவர்களுக்கு வழங்கியிருந்தன. தமிழ் நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்துப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் எழுதிய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ கற்றோருக்கு இவ்வாய்வுமுறை புதியதன்று. ஓர் இலக்கியப் பொருள் தோன்றுவதற்கு முன்னர் அதற்குரிய வாழ்க்கை தோன்றியிருத்தல் வேண்டும். ஊவாத் தோட்டங்களில் பதின்பருவம் என்ற வாழ்க்கைக் கட்டம் இருந்ததா என்று கேட்கும்போதே வினாவின் முதற்பாதி தெளிவடையத் தொடங்குகின்றது.

பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தை என விரியும் இத்தோட்டப் பரப்பிற் பெருந்தொகையினராய் வந்து சேர்ந்தவர், கங்காணிமாரால் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகவும் கூட்டம் கூட்டமாகவும் அழைத்து வரப்பட்டோராவர். 1924இல் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதை எளிதாக்கிற்று. உழைப்போரின் வாழ்விடமோ லயத்துக் காம்பராவாகவே தொடர்ந்தது. ஓர் அறையும் ஒரு சிறு விறாந்தையும் கொண்ட அவ்விருப்பிடத்தில் மூன்று தலைமுறையினர் உறங்கினர். இந்த நெருக்கடியைத் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் எழுதினார். வளர்ந்த பிள்ளைகள் அருகிற் படுத்துறங்கும் ஒற்றையறையில் கணவன் மனைவியர் படும் அவதி அக்கதையின் பொருள். அவதியின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும்: அவ்வறையின் இருளில் விழித்துக் கிடக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தரங்கம் என ஒன்று எங்கே இருந்தது? அந்தரங்கம் இல்லாத இடத்தில் நண்பனிடம் மட்டும் சொல்லும் சொல்லும் பிறப்பதரிது. ஓடைக்கரையும் தேயிலைச் செடிகளின் இடைவெளியுமே அதற்கு இடந்தந்தன. அங்கும் கங்காணியின் கண் எட்டும்.

கூலிப் பதிவேட்டை நோக்கினால் இது மேலும் துலக்கமாகும். இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி குறித்து 1927இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ்க் கூலி மூன்று விகிதமாக வரையறுக்கப்பட்டது: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கமர்த்தலாகாது என்ற விதியும் அதிலிருந்தது. விதியின் இரக்கத்தை மட்டும் கண்டு திருப்தியுறுதல் கூடாது. பத்து வயதுக்கு மேற்பட்டவர் கூலிக்குரியவர் என்பதே அதன் மறுபொருளாகும். பதிவேட்டுக்குத் தெரிந்த மனிதர் மூவகையினரே. பிள்ளையாயிருந்தவர் ஒருநாட் காலையிற் பெரட்டுக்களத்திற் பேர் பதிந்து மலைக்குச் செல்வர். சில ஆண்டுகளில் ஆணின் அல்லது பெண்ணின் வரிசைக்கு மாற்றப்படுவர். இடையிலே இளைஞர் என்றொரு வரிசை இல்லை.

பாடசாலையும் இந்த ஒழுங்குக்கு ஏற்பவே அமைந்திருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் கடப்பாட்டினைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. நடைமுறையில் அது ஒற்றையறையும் ஒற்றை ஆசிரியருமாகச் சுருங்கியது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நாட்டின் பிற பகுதிகளில் ஒரு தலைமுறையையே உயர்த்தியபோது தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அதன் புறத்தே நின்றன. 1960-61 காலப்பகுதியிற் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை விடுபட்டன. ஆகவே ஊவாத் தோட்டத்துப் பிள்ளையின் முதலாவது நட்பு முறிவு ஐந்தாம் வகுப்பின் முடிவிலேயே நிகழ்ந்தது. ஒரே பலகையில் அமர்ந்த இருவருள் ஒருவர், கணக்குப்பிள்ளையின் அல்லது கங்காணியின் மகனாயிருந்தால், பதுளையிலோ பண்டாரவளையிலோ உள்ள நகரப் பாடசாலைக்குச் செல்வார். மற்றவர் மலைக்குச் செல்வார். சில ஆண்டுகளின் பின்னர் முன்னவர் உத்தியோகத்தராகத் தோட்டத்துக்கே திரும்பி வந்தால், பின்னவர் அவரை ‘ஐயா’ என்றழைக்க வேண்டியிருக்கும். சண்டையின்றி, சொல்லப்படும் காரணமுமின்றி நிகழும் இம்முறிவு எவ்வளவு ஆழமானது என்பதை, தோட்ட வாழ்க்கையிற் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை எத்துணை அரியதென அறிந்தோர் உணர்வர்.

சாதியும் இதில் தன் பங்கினை ஆற்றியது. கங்காணிமார் தத்தம் ஊரவரையும் உறவினரையும் அழைத்து வந்தமையாற் பல தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்தன. பிள்ளைகள் ஒன்றாகத் திரிவதைப் பெரியோர் ஓரளவு பொறுத்துக்கொண்டனர். பிள்ளைப் பருவம் கடந்ததும் அப்பொறுமை முடிவுற்றது. பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்வெல்லை மிகத் துல்லியமானது. சடங்கு முடிந்த சிறுமி முன்போல அடுத்த லயத்துக்கு ஓடிச்செல்ல இயலாது. அதன் பின்னர் அவளுக்குத் தோழமை கிட்டும் ஒரேயிடம் கொழுந்து மலையின் நிரையே. அருகருகே நிரை பிடித்து, ஒருத்தியின் கூடை குறைந்தால் மற்றவள் இரு பிடிக் கொழுந்து இட்டு நிரப்பும் அந்நட்பு, பெண்களின் வாழ்வில் மிகச் செறிவானதாக இருந்திருத்தல் கூடும். திருமணத்தோடு அதுவும் முறிந்தது. மடுல்சீமையிற் பிறந்தவளை அப்புத்தளைக்குக் கட்டிக் கொடுத்தால், இடைப்பட்ட தூரம் ஒருநாட் பயணமே எனினும், கூலியிழந்து பழைய தோழியைக் காணச் செல்வாரில்லை. தாய்வீட்டுக்குத் திரும்புவதற்கு மகப்பேறும் மரணமும் காரணமாகலாம். தோழியைக் காண்பது ஒரு காரணமாகக் கருதப்பட்டதில்லை. மலையகப் புனைகதையிற் பெண்ணின் துயர் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது. ஆயினும் அது பெரும்பாலும் துரையாலும் கங்காணியாலும் குடிகாரக் கணவனாலும் விளைந்த துயராகவே வருகின்றது. தோழியை இழந்த துயர் அவ்வரிசையில் இடம்பெறவில்லை.

இவையனைத்தும் தோட்ட அமைப்பினுள்ளே நிகழ்ந்த மெல்லிய முறிவுகள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் நிகழ்ந்தது வேறுவகைப்பட்டது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது; பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மறுவருடமே பெருந்தொகையான தோட்டத் தமிழர் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ‘மடோல் தூவ’ வெளிவந்ததற்கும் இச்சட்டம் நிறைவேறியதற்கும் இடையே ஓராண்டே உள்ளது. ஒரு மொழியின் பிள்ளைகள் தமக்கென ஒரு தீவைக் கதையிற் பெற்ற காலமும், இன்னொரு மொழியின் பிள்ளைகள் தாம் பிறந்த தீவைச் சட்டத்தில் இழந்த காலமும் ஒன்றாயிருப்பது தற்செயலே, ஆயினும் மறக்கக்கூடியதன்று.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கீடு செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியோர். அவர்களை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பகிர்ந்தனர். இவ்வெண்களைப் பற்றி அரசியல் வரலாற்றாசிரியர் நிறைய எழுதியுள்ளனர். இக்கட்டுரைக்கு வேண்டியது எண்களன்று; விண்ணப்பத்தின் அலகே. விண்ணப்பம் குடும்பத்தைக் கருதி அமைந்தது. வயதுவராத பிள்ளைகளின் கதி பெற்றோரின் தெரிவோடு பிணைக்கப்பட்டது. வயதுவந்த மக்கள் தனியே விண்ணப்பித்தமையாற் குடும்பங்கள் பிளவுற்றன. தந்தை இந்தியாவுக்கும் மகன் இலங்கைக்குமாகப் பிரிந்தனர். இப்பிளவின் கொடுமை பரவலாக அறியப்பட்டது. ஏனெனிற் குடும்பம் என்பது சட்டத்துக்குத் தெரிந்த உறவு. அதனைப் பிரித்தால், பிரித்தது தெரியும்; முறையிடலாம்; மனு எழுதலாம். பதினைந்து வயதுப் பையனொருவன் தன் கூட்டாளி இங்கிருக்கிறான், ஆகையால் நானும் இங்கிருப்பேன் என்று சொல்வதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு நிரல் இருக்கவில்லை. அவன் பெற்றோரின் கடவுச்சீட்டில் ஒரு பெயர். அவன் கூட்டாளியோ வேறொரு குடும்பத்தின் கோவையில் வேறொரு பெயர். ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த இரு குடும்பத்தார் வெவ்வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தபோது, முதியோர் ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தனர். இளையோரைக் கேட்டார் எவருமிலர்.

புறப்பாட்டின் முறைமையும் நினைவுகூரத்தக்கது. ஊவாவிலிருந்து இந்தியா செல்வோர் பதுளையிலோ வழியிலுள்ள நிலையங்களிலோ கோச்சியேறினர். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்தார் பெட்டி படுக்கையோடு வீதிவழியே பதுளைக்கு இறங்கி வந்தனர். பதுளையிலிருந்து மேலேறும் கோச்சி, தெமோதரை நிலையத்தின் அடியேயுள்ள சுரங்கத்தினுட் புகுந்து, மலையைச் சுற்றி வளைந்து, மீண்டும் அதே நிலையத்தின் மேடையை அடையும். பொறியியலாளர் வியக்கும் அவ்வளைவு, பிரிந்து செல்வோரைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தியதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. பின்னர் பொல்காவலையில் வடக்குப் பாதையில் திரும்பித் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அப்பால் மண்டபம் முகாம். 1968இல் தமிழக அரசு இவர்களைக் குடியமர்த்தும் நோக்கோடு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளுக்குச் சென்றோர் மீண்டும் கொழுந்தே பறித்தனர். வேறு சிலர் நூற்பாலைகளுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அரசின் மொழியில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. பசறையிற் பிறந்து, தமிழகத்தை ஒருபோதும் கண்டிராத பதினாறு வயதினர் எங்கிருந்து எங்கே திரும்பினர் என்பதை அச்சொல்லை ஆக்கியோர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. இலங்கையில் அவர்கள் இந்தியத் தமிழர்; நீலகிரியிற் சிலோன்காரர்.

இவ்வளவு நிகழ்ந்தும் புனைகதை யாது செய்தது? ஊவாவோடு தொடர்புடைய இருவரை ஈண்டுச் சிறப்பாக நோக்கலாம். எஸ். எம். சுப்பையாவின் துணைவியாரான கோகிலம் சுப்பையா ‘தூரத்துப் பச்சை’ என்ற நாவலை 1964இல், அதாவது உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டிலேயே, வெளியிட்டார். தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த வள்ளி என்ற பெண்ணின் வாழ்வை அது விரிக்கின்றது. தெளிவத்தை ஜோசப் 1934இல் பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். கும்பகோணத்திற் சில ஆண்டுகள் கற்று, மீண்டு வந்து பதுளை புனித பீட்ஸ் கல்லூரியிற் பயின்றவர். கடலைக் கடந்து கற்கச் செல்வதும் திரும்பி வந்து பழைய கூட்டாளிகளைக் காண்பதும் ஒரு சிறுவனுக்கு இயல்பாயிருந்த காலம் அது என்பதை இவ்வாழ்க்கைக் குறிப்பே உணர்த்தும். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இலும், சாகித்திய விருது பெற்ற ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 2022இல் அவர் மறைந்தார். ஊவாவுக்கு அப்பால், சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ ஆகியனவும், சிறுகதைப் போட்டிகளிற் பரிசுபெற்ற மலையகக் கதைகளைத் திரட்டி 1971இல் வெளியான ‘கதைக்கனிகள்’ தொகுதியும் அக்காலத்து மலையக எழுத்தின் பொதுப்போக்கினை அறிய உதவுவன.

அப்போக்கு யாதெனில், தோட்டத்தை ஒரு முழுமையாகக் கண்டு, அதன்மீது இழைக்கப்பட்ட அநீதியைப் புற உலகுக்கு எடுத்துரைத்தலாகும். எழுத்தாளர் பேசியது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் இருந்த வளர்ந்த வாசகரை நோக்கி. அவ்வாசகருக்கு லயத்தின் வறுமையையும் கூலிச் சுரண்டலையும் நாடற்ற நிலையையும் முதன்முதலாக அறிவிக்க வேண்டியிருந்தது. அத்தகைய எழுத்தில் இளம்பிள்ளை பெரும்பாலும் சான்றாகவே வருகின்றது: பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பிள்ளை, கொழும்பு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, பசித்த பிள்ளை. தன் பசியைப் போலவே தன் கூட்டாளியையும் எண்ணியிருக்கும் ஒரு பிள்ளையின் உள்ளம் அங்கே விரிவுபெறவில்லை. இதற்காக அவ்வெழுத்தாளரைக் குறைகூறுதல் நேர்மையன்று. வீடு பற்றியெரியும்போது தண்ணீர் கொண்டு ஓடுபவரிடம் முற்றத்துப் பூச்செடியைப் பற்றிக் கேட்பாரில்லை. ஆயினும் நெருப்பு அடங்கிப் பல்லாண்டுகளான பின்னரும் விமர்சகர் பூச்செடியைப் பற்றிக் கேளாதிருப்பது வேறு விடயம்.

வாசகரின் நிலையும் கருதத்தக்கது. இளையோர் கதையை இளையோரே வாசிக்கின்றனர். அவ்வாசகர் திரளை உருவாக்குவது இடைநிலைப் பாடசாலை. ஐந்தாம் வகுப்போடு ஏட்டினை மூடிய தோட்டத்துப் பிள்ளை எந்த நூலகத்தில் எந்த நாவலைத் தேடும்? எழுதுவோரும் வாசிப்போரும் பொருளும் ஒருங்கே தோன்றவேண்டிய ஒரு துறையில், ஊவாத் தோட்டங்களுக்குப் பொருள் மட்டும் மிகுதியாய்க் கிடைத்தது.

பட்டினியோடு போராடியோருக்கு நட்பு ஓர் ஆடம்பரம், ஆதலால் அதனைப் பற்றிக் கதை எழாததில் வியப்பில்லை என வாதிடுவோரும் உளர். இது தோட்ட வாழ்க்கையை அறியாதார் கூற்றாகும். மலையகத்தார் நண்பனைக் ‘கூட்டாளி’ என்பர். கூடி வேலை செய்பவன், கூட்டாகப் பங்கு கொள்பவன் என்ற பொருள்கள் அச்சொல்லில் ஒட்டியுள்ளன. உணவுப் பற்றாக்குறை தோட்டங்களிற் பல உயிர்களைப் பறித்த 1973-74 காலப்பகுதியில், பகிர்ந்துண்ணக் கிடைத்த மரவள்ளிக் கிழங்கு உறவினரிடமிருந்து மட்டுமே வந்திராது. சொந்த நிலமோ, சொந்த வீடோ, நாட்டின் பிரசை என்ற பெயரோ இல்லாத ஒருவருக்குத் தாமே தேர்ந்து அடைந்த உடைமை என்று சொல்ல இருந்தது கூட்டாளி ஒருவரே. வசதியுள்ள பிள்ளை நண்பனை இழந்தால் பள்ளியும் வீடும் எஞ்சும். தோட்டத்துப் பிள்ளைக்கு எஞ்சியது பெரட்டு மட்டுமே.

மற்றுமொரு நட்பும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் பொருந்தாது. ஊவாவிற் தோட்டமும் சிங்களக் கிராமமும் அருகருகே அமைந்தவை. கிராமத்துக் கடை, ஆற்றங்கரை, பதுளைச் சந்தை ஆகிய இடங்களில் இருமொழிப் பிள்ளைகளும் சந்தித்தனர். தோட்டத்து இளைஞர் பலர் சிங்களத்தைச் சரளமாகப் பேசப் பழகினர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களைக் கம்பனிகளிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் அரசுக்கு மாற்றியபோது, காணி யாருக்கு என்ற வினா கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையே வந்து நின்றது. 1977 ஓகஸ்டில் வன்செயல்கள் தோட்டங்களையும் தாக்கின. 1983 யூலைக் கலவரம் கொழும்பிலே தொடங்கி, அம்மாதம் 27ஆம் நாள் பதுளை நகரை அடைந்தது. தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஊவாவை விட்டு வவுனியாப் பக்கம் சென்று குடியேறியோரும், மிகுந்த அச்சத்தோடு இந்தியக் கப்பலேறியோரும் பலர். சிங்கள நண்பரின் வீட்டில் மறைந்திருந்து உயிர்தப்பியோர் இருந்தனர் என்பது நாடெங்கும் கேட்கப்படும் செய்தி, அது உண்மையுமாகும். ஆயினும் தப்பிய பின்னர் அந்நட்பு என்னவாயிற்று என்பதைச் சொல்லும் கதை அரிது. காப்பாற்றியவனும் காப்பாற்றப்பட்டவனும் பழையபடி சமமாக நின்று கிளித்தட்டு ஆடுதல் இயலுமா? நன்றியுணர்வே நட்பை முறிக்கக்கூடும் என்ற நுண்மையை உல்மனோ அசோகமித்திரனோ ஊவாவிற் பிறந்திருந்தாற் தவறவிட்டிருக்கமாட்டார்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியில் வேகம் பெற்று, 1980 அளவிற் பெரும்பாலும் நிறைவெய்தியது. அதன் பின்னரே ஐந்தாம் வகுப்புக்கு மேலான கல்வி தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாக எட்டியது. பேர் பதியும் நாள் பின்தள்ளப்பட்டது. பதினாறு வயதிலும் சீருடையணிந்து பசறைக்கோ பண்டாரவளைக்கோ பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு தலைமுறை தோன்றியது. பதின்பருவம் ஊவாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த காலத்தை இவ்வாறு ஏறத்தாழ வரையறுக்கலாம். மேலைநாட்டில் இளையோர் புனைகதை தனித்துறையாக நிலைபெற்ற பின்னரே அது இங்கு வந்தது. வந்தபோதும் எல்லோருக்கும் வரவில்லை. வகுப்பில் இடைநடுவே ஓர் இருக்கை வெறுமையாகும். விசாரித்தாற் கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ வேலை என்ற விடை கிடைக்கும். தலைமன்னார்க் கப்பலின் இடத்தைக் கொழும்பு பஸ் எடுத்துக்கொண்டது எனல் மிகையாகாது. இப்பிரிவுக்கு உடன்படிக்கையும் இல்லை, பங்கீட்டு எண்ணும் இல்லை.

1984இல், வடக்கில் யுத்தம் மூண்ட நிலையில், தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. இந்தியப் பிரசாவுரிமை பெற்றும் புறப்படாது பல்லாயிரவர் எஞ்சினர். அவர்கள் நிலையைத் தீர்க்கும் சட்டங்களில் இறுதியானவற்றுள் ஒன்று 2003இல் நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரசாவுரிமை வழங்கிற்று. உடன்படிக்கை நாளில் மடுல்சீமையிற் பதினான்கு வயதாயிருந்த ஒருவர் அச்சட்டத்தின் பயனைப் பெறும்போது ஐம்பத்துமூன்று வயதினர். அவரோடு ஒரே பலகையில் இருந்து, பெற்றோரின் கடவுச்சீட்டில் ஒரு பெயராகக் கப்பலேறிய கூட்டாளிக்கும் அப்போது அதே வயதே. அக்கூட்டாளி கோத்தகிரியில் உயிரோடிருந்தால், இடைப்பட்ட காலத்தில் அவரும் வேறொரு நாட்டின் பிரசையாகி, வேறொரு மலையிற் கொழுந்து பறித்து, பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பார்.